லசந்தவைக் கொன்றது பிச்சை ஜேசுதாசனா?

2009 ஜனவரி 8, காலை நேரம். கொழும்புக்குத் தெற்கே அத்திடிய என்கிற இடம். பக்கத்திலேயே இரத்மலானை விமானப் படைத்தளம். வீதிக்கு வீதி சோதனைச் சாவடி. போர் உச்சத்தில் இருந்தது. ஆறு நாள் முன்புதான் கிளிநொச்சி விழுந்திருந்தது. இத்தனை காவலுக்கும் நடுவில் மோட்டார் சைக்கிள்களில் வந்தவர்கள் 'சண்டே லீடர்' ஆசிரியர் லசந்த விக்ரமதுங்கவின் காரை மறித்தார்கள், கண்ணாடியை உடைத்தார்கள், தலையில் தாக்கினார்கள், போய்விட்டார்கள். சாவகாசமாகத்தான் போனார்கள். களுபோவில ஆஸ்பத்திரியில் சில மணி நேரத்தில் அவர் உயிர் போயிற்று.

யார் இந்த லசந்த? சிங்களவர். ஆங்கிலப் பத்திரிகைக்காரர். வழக்கறிஞர். 1994இல் அண்ணனோடு சேர்ந்து அந்தப் பத்திரிகையைத் தொடங்கியவர். உள்நாட்டுப் போரை வெறும் வீரகாவியமாகப் பார்க்காமல், அதை வைத்து யார் காசு பார்க்கிறார்கள் என்று கேட்டவர். உக்ரைனிலிருந்து மிக்-27 விமானங்கள் வாங்கியதில் நடந்த ஊழலை 2007இல் அவர் பத்திரிகை அம்பலப்படுத்தியது. அன்றைக்குப் பாதுகாப்புச் செயலாளர் கோத்தபாய ராஜபக்ச. அண்ணன் மகிந்த ஜனாதிபதி. கோத்தபாய அவதூறு வழக்குப் போட்டார். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே எழுதியவர் செத்துப்போனார். தன்னைக் கொல்வார்கள், கொல்வது அரசாங்கமாகத்தான் இருக்கும் என்று லசந்த முன்கூட்டியே எழுதி வைத்திருந்த தலையங்கம், அவர் இறந்த மூன்றாம் நாள் அதே பத்திரிகையில் வந்தது. உலகம் முழுக்க அதை மொழிபெயர்த்துப் படித்தார்கள். அந்த ஆண்டு யுனெஸ்கோவின் பத்திரிகைச் சுதந்திரப் பரிசு இறந்துபோன அவருக்குக் கொடுக்கப்பட்டது.

இதுவரைக்கும் பலருக்கும் தெரிந்த கதை. இதற்குப் பிறகு நடந்ததுதான் நம்முடைய பக்கத்துக்கு உரியது.

கொலை நடந்து ஓராண்டுக்குப் பிறகு, 2010இல், இலங்கைப் பயங்கரவாத விசாரணைப் பிரிவு ஒருவரைக் கைது செய்தது. நுவரெலியாவில் வாகனம் பழுது பார்க்கும் மெக்கானிக். பெயர் பிச்சை ஜேசுதாசன். மலையகத் தமிழர். அவர் செய்த குற்றம் என்ன? லசந்தவைப் பின்தொடர்ந்தவர்கள் பயன்படுத்திய ஐந்து செல்போன் சிம்கார்டுகளும் அவருடைய தேசிய அடையாள அட்டையைக் காட்டி வாங்கப்பட்டிருந்தன. அட்டை அவருடையது, கொலையும் அவருடையது! அவரோடு சேர்த்து இராணுவ உளவுப் பிரிவைச் சேர்ந்த 17 பேரும் பிடிபட்டார்கள். பதினேழு பேரும் வெளியே வந்துவிட்டார்கள். மெக்கானிக் வரவில்லை. 2011 அக்டோபரில், விளக்கமறியலில், அதாவது நம்ம ஊர் பாஷையில் ரிமாண்டிலேயே, இறந்துபோனார்.

லசந்த பெயரை உலகம் சொல்கிறது, சொல்லட்டும், சொல்லத்தான் வேண்டும். ஜேசுதாசன் பெயரை யார் சொல்கிறார்கள்? ஒரு பத்திரிகையாளர் கொலையை விசாரிக்கப் போன அரசு இன்னொரு சாவை உண்டாக்கிவிட்டுத் திரும்பி வந்திருக்கிறது. முதல் சாவைப் பற்றிய அறிக்கைகளில் இரண்டாவது சாவு ஒரு வரி, சில அறிக்கைகளில் அரை வரி. இந்த அரை வரியைப் பற்றித்தான் இந்தத் தலையங்கம்.

உடன்குடியில் உட்கார்ந்துகொண்டு கொழும்புக் கொலையைப் பேசணுமா என்று கேட்கிற தோழர்கள் இருக்கிறார்கள். "நம்ம பஞ்சாயத்தே தீரல, இதுல கடல் தாண்டிப் போகுதாவ" என்று ஒருத்தர் முகத்துக்கு நேராகவே சொன்னார். சரிதான். ஆனால் கடல் நமக்கு என்றைக்கு வேலியாக இருந்தது? தூத்துக்குடித் தோணி கொழும்புக்குப் போய்வந்த கடல் இது. இந்தக் கரையில் சென்னை வானொலியைவிட இலங்கை வானொலி தெளிவாகக் கேட்கும் என்பதைப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அதைவிட முக்கியம், காப்பித் தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் கங்காணி பிடித்துப்போன கூட்டம் யாருடைய கூட்டம்? திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, சேலம் என்று கிராமம் கிராமமாகக் கிளம்பிப்போனவர்களில் பெரும்பகுதி நிலமில்லாத ஒடுக்கப்பட்ட சாதியினர். தூத்துக்குடிக்குப் பக்கத்தில் தட்டப்பாறையிலும் அந்தப் பக்கம் மண்டபத்திலும் அவர்களை அடைத்து வைத்து, நோய் இருக்கிறதா என்று பார்த்து, கப்பலேற்றினார்கள். பிச்சை ஜேசுதாசன் என்ன சாதி என்று தேடி இதை எழுதவில்லை. அவர் எந்த மக்களின் வரிசையில் நிற்கிறார் என்பது முக்கியம். அந்த வரிசை இந்தக் கரையிலிருந்துதான் தொடங்குகிறது.

நிற்க. அந்த அடையாள அட்டையைப் பற்றிக் கொஞ்சம் பேசவேண்டும்.

1948இல் இலங்கை சுதந்திரம் வாங்கியதும் செய்த முதல் காரியங்களில் ஒன்று, மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தது. தேயிலை பறித்து அந்நியச் செலாவணி கொண்டுவந்த இலட்சக்கணக்கான மனிதர்கள் ஒரு சட்டத்தில் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து, 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் உனக்கு, 3 இலட்சம் எனக்கு, மிச்சம் ஒன்றரை இலட்சத்தைப் பிறகு பார்ப்போம் என்று ஆடுமாடு பிரிப்பதுபோலப் பிரித்தார்கள். அந்த மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 2003இல் வந்த சட்டம்தான் மீதமிருந்த நாடற்றவர்களுக்குக் கதவைத் திறந்தது. ஆக, மலையகத்தில் ஒரு மனிதன் சட்டைப்பையில் தேசிய அடையாள அட்டை இருக்கிறது என்றால், அது மூன்று தலைமுறை வரிசையில் நின்று வாங்கியது. சோதனைச் சாவடியில் அதைக் காட்டினால்தான் அன்றைக்கு வேலை, அன்றைக்குச் சோறு. இல்லையென்றால் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவான்.

அந்த அட்டையைத்தான் எடுத்தார்கள். யார் எடுத்தது? ஜேசுதாசனுக்குப் பழக்கமான இராணுவ உளவுப் பிரிவுக்காரர் ஒருவர், பியவன்ச என்று பெயர், அட்டையை எடுத்துப் பயன்படுத்தினார் என்பதுதான் புலனாய்வாளர்கள் பிற்பாடு வந்து சேர்ந்த இடம். பழக்கம் என்றால் என்ன பழக்கம்? போலீஸ்காரனும் பட்டாளத்துக்காரனும் ஏழையோடு பழகுகிற பழக்கம் நமக்குத் தெரியாததா? வண்டியை ரிப்பேர் பார்த்துக் கொடு என்பான், ஒரு கையெழுத்துப் போடு என்பான், இந்தப் பஞ்சநாமாவில் சாட்சியா நில்லு என்பான். "இல்ல சார்" என்று சொல்லமுடியுமா? நம்ம சேரிகளில் எத்தனை பேர் இப்படிப் பார்க்காத சம்பவத்துக்குச் சாட்சியாகி, வாசிக்காத காகிதத்தில் கைநாட்டு வைத்திருக்கிறார்கள். ஏழையின் பெயர் அரசாங்கத்துக்கு எப்போதும் இரவல் கிடைக்கும். திருப்பிக் கொடுப்பதில்லை, அவ்வளவுதான்.

இனி விசாரணை நடந்த விதத்தைப் பார்ப்போம். மாணவத் தோழர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கவேண்டும். உண்மை அறியும் குழு என்று நாமும் போகிறோம், வருகிறோம், அறிக்கை போடுகிறோம். எதைத் தேடவேண்டும் என்பதற்கு இந்த வழக்கு ஒரு பாடப்புத்தகம்.

முதலாவது, செல்போன். ஐந்து சிம்கார்டுகளும் வெளியுலகத்தோடு பேசவில்லை. தங்களுக்குள் மட்டுமே பேசிக்கொண்டன. கொலை நடந்ததும் ஊமையாகிவிட்டன. செல்போன் பேசும்போது எந்தக் கோபுரத்தின் வழியாகப் பேச்சுப் போனது என்பது கம்பெனியின் கணக்கில் பதிவாகும். லசந்தவின் கார் போன பாதையையும் இந்த ஐந்து போன்கள் நகர்ந்த பாதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யார் யாரைத் துரத்தினார்கள் என்று விளங்கும். அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு போன குற்றப் புலனாய்வுத் துறை, பிற்காலத்தில், இராணுவ உளவுப் பிரிவின் 'திரிபோலி' அணி என்கிற இரகசியக் குழுவின் பக்கம் போய் நின்றது. 2008 மே மாதம் கீத் நொயார் என்ற பத்திரிகையாளரைக் கடத்தி அடித்தது, லசந்த செத்து இரண்டு வாரத்தில் உபாலி தென்னக்கோன் என்ற ஆசிரியரைத் தாக்கியது ஆகியவற்றிலும் இதே ஆட்கள்மீதுதான் சந்தேகம். ஆனால் 2010இல் அதே சிம்கார்டைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் எங்கே போய் நின்றார்கள்? நுவரெலியா மெக்கானிக் பட்டறையில். ஒரே தடயம்தான். மேலேயும் போகலாம், கீழேயும் போகலாம். கீழே போவது சுலபம்.

இரண்டாவது, லசந்தவின் குறிப்பேடு. தன்னைப் பின்தொடர்ந்த மோட்டார் சைக்கிள்களின் எண்களைக் காரில் போகும்போதே அவர் அதில் குறித்து வைத்திருந்தார். என்ன ஒரு பத்திரிகைக்காரன் பாருங்கள், சாவு துரத்திக்கொண்டு வருகிறது, அப்போதும் நம்பரை எழுதுகிறான். அந்தக் குறிப்பேடு போலீஸ் கைக்குப் போய், பிறகு காணாமல் போனது. இந்தச் சான்றை மறைத்ததாக ஒரு முன்னாள் சப்-இன்ஸ்பெக்டரும் ஒரு முன்னாள் டி.ஐ.ஜி.யும் 2018 பிப்ரவரியில் கைது செய்யப்பட்டார்கள். கொலை நடந்து ஒன்பது ஆண்டு கழித்து.

மூன்றாவது, பிரேதப் பரிசோதனை. துப்பாக்கிச் சூடு என்றார்கள். குண்டு எங்கே? இல்லை. தோட்டாக்கூடு? அதுவும் இல்லை. 2016 செப்டம்பரில் நீதிமன்ற உத்தரவோடு குழியைத் தோண்டி உடலை எடுத்து மறுபடி பார்த்தபோது, துப்பாக்கிக் குண்டு பட்ட காயம் இல்லை, கூரான ஆயுதத்தால் குத்தப்பட்டது என்று வந்தது. ஏழரை வருஷம் மண்ணுக்குள் இருந்த எலும்பு சொன்னதை, ஆஸ்பத்திரி மேசையில் கிடந்த உடம்பு சொல்லவிடவில்லை.

நான்காவது, மோட்டார் சைக்கிள். இதை எழுதும்போது கை கூசுகிறது. விசாரணையைத் திசைதிருப்ப ஒரு மோட்டார் சைக்கிள் தேவைப்பட்டது. அதற்காக வவுனியாவைச் சேர்ந்த இரண்டு தமிழ் இளைஞர்கள் கடத்திக் கொல்லப்பட்டார்கள், அவர்களுடைய வண்டிதான் தடயம்போலப் போடப்பட்டது என்பது பிந்தைய புலனாய்வில் வெளிவந்தது. புலி செய்தான் என்று சொல்வதற்கு ஒரு தமிழன் வண்டி வேண்டும். வண்டிக்காரன் உயிரோடு இருந்தால் "என் வண்டி" என்று சொல்லிவிடுவானே!

ஐந்தாவதும் ஒன்று உண்டு. 2016 ஜூலையில் பிரேமானந்த உடலாகம என்ற உளவுப் பிரிவுக்காரர் கைதானார். அதே அக்டோபரில் கேகாலையில் ஓய்வுபெற்ற இராணுவ உளவுச் சிப்பாய் ஒருவர் வீட்டில் தூக்கில் தொங்கினார். லசந்தவைக் கொன்றது நான்தான், பிடிபட்டவர் நிரபராதி என்று பக்கத்தில் கடிதம். வசதியான கடிதம்! அதை விசாரணையாளர்களே நம்பவில்லை. இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். செத்தவர் சிங்களவர், பட்டாளத்துக்காரர். ஆனால் அடிமட்டச் சிப்பாய். பலி கேட்கும்போது அதிகாரம் இனம் மட்டும் பார்ப்பதில்லை, படிக்கட்டையும் பார்க்கிறது.

இதெல்லாம் சிங்களப் பேரினவாத அரசின் குணம் என்று சொல்லி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடலாம். தமிழ்நாட்டு மேடைகளில் முப்பது நாற்பது வருஷமாக அப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறார்கள். நாம் அப்படிப் போகமுடியாது. உடன்குடியிலிருந்து பஸ் ஏறினால் அரைமணி நேரம் சாத்தான்குளம். 2020 ஜூன் மாதம் தகப்பனையும் மகனையும், ஜெயராஜ், பென்னிக்ஸ், இருவரையும் போலீஸ் நிலையத்தில் இரவு முழுக்க அடித்தார்கள். அடுத்தடுத்த நாளில் இருவரும் செத்தார்கள். உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அனுப்பிய கோவில்பட்டி மாஜிஸ்திரேட் போய்ப் பார்த்தபோது, நிலையத்துக் கேமராவில் பதிவுகளைச் சேர்த்து வைக்க ஏராளமான இடம் இருந்தும், தினமும் தானாக அழிந்துபோகும்படி வைத்திருந்தார்கள். லசந்தவின் குறிப்பேடும் சாத்தான்குளம் கேமராவும் ஒரே ஜாதி. அங்கே ஒரு பெண் தலைமைக் காவலர் துணிந்து வாய் திறந்தார், வழக்கு நின்றது. நாடே எழுந்தது, நல்லது, எழத்தான் வேண்டும். ஆனால் லாக்கப்பில் செத்தவன் கடைத்தெருக்காரனாக இல்லாமல் காலனிக்காரனாக இருந்திருந்தால் எத்தனை கடை அடைத்திருப்பார்கள் என்ற கேள்வியையும் நாம் கேட்காமல் விடமுடியாது. 1993இல் கம்மாபுரம் நிலையத்தில் திருட்டுப் பழி போட்டு அடித்துக் கொல்லப்பட்ட குறவர் இராஜாக்கண்ணுவின் பெயர், 2021இல் ஒரு சினிமா வந்த பிறகுதான் நடுவீட்டுக்குள் நுழைந்தது. அதற்குள் இருபத்தெட்டு வருஷம்.

இன்னும் பக்கமாக வேங்கைவயல். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டத்து அந்த ஊரில் தலித் மக்கள் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்தார்கள். சி.பி.சி.ஐ.டி. வந்தது. குரல் சோதனை, மரபணுச் சோதனை எல்லாம் வந்தது. இரண்டு வருஷம் கழித்து, 2025 ஜனவரியில், குற்றப்பத்திரிகை வந்தது. அதில் குற்றவாளிகள் யார்? அதே தெருவைச் சேர்ந்த மூன்று தலித் இளைஞர்கள். தண்ணீர் அவர்களுடையது, குற்றமும் அவர்களுடையது! நுவரெலியா அட்டைக்கும் வேங்கைவயல் தொட்டிக்கும் நடுவில் ஒரு கடல்தான் இருக்கிறது. புலனாய்வு என்பது நடுநிலையான விஞ்ஞானம், தடயம் போகிற பக்கம் அதுவும் போகும் என்பது பொதுப்புத்தியின் கதையாடல். நாம் பார்த்த மட்டில் அது தண்ணீர் மாதிரி, பள்ளத்தைப் பார்த்துத்தான் ஓடுகிறது.

செத்துப்போன பத்திரிகையாளர்களுக்குள்ளும் மேடு பள்ளம் இருக்கிறது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

மயில்வாகனம் நிமலராஜன் யாழ்ப்பாணத்திலிருந்து பி.பி.சி.க்கும் வீரகேசரிக்கும் சிங்களப் பத்திரிகை 'ராவய'வுக்கும் செய்தி அனுப்பியவர். இந்தக் கரையில் இரவு ஒன்பதேகால் மணிக்குத் தமிழோசை கேட்டவர்களுக்கு அந்தப் பெயர் வீட்டு மனுசன் பெயர் மாதிரி. போருக்குள் இருந்த யாழ்ப்பாணத்துக்கு வெளிப் பத்திரிகையாளர் யாரும் லேசில் போகமுடியாத காலத்தில், அங்கே என்ன நடக்கிறது என்பதை உள்ளிருந்தே சொன்னவர். 2000 அக்டோபர் தேர்தலில் நடந்த கள்ள ஓட்டையும் மிரட்டலையும் எழுதினார். அக்டோபர் 19 இரவு, ஊரடங்கு நேரத்தில், சுற்றிலும் இராணுவக் காவல் இருந்த பகுதியில், வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தவரை ஜன்னல் வழியாகச் சுட்டார்கள். வீட்டுக்குள் கைக்குண்டு வீசினார்கள். தகப்பனைக் கத்தியால் வெட்டினார்கள். தாயும் சின்னப் பையனான மருமகனும் காயப்பட்டார்கள். ஊரடங்கில் பூனை குறுக்கே போனாலும் சுடுகிற இராணுவத்துக்குக் கொலைகாரன் சைக்கிளில் வந்தானா, நடந்து வந்தானா என்றுகூடத் தெரியவில்லையாம்.

அரசோடு இருந்த ஈ.பி.டி.பி.காரர்கள்மீது சந்தேகம் போயிற்று. சிலர் கைதானார்கள், பிணையில் போனார்கள். கோப்பு இருபது வருஷம் தூங்கியது. 2021இல் சட்டமா அதிபர் அலுவலகம் இந்த வழக்கை மேலே நடத்தவேண்டாம் என்று முடித்துவிட்டது. அங்கே மூடிய கோப்பு இன்னொரு நாட்டில் திறந்தது என்பதுதான் வேடிக்கை. 2022 பிப்ரவரியில் இலண்டன் மாநகரப் போலீசின் போர்க்குற்றப் பிரிவு, நார்தாம்ப்டன்ஷயரில் 48 வயது ஆள் ஒருவரை இந்தக் கொலை தொடர்பாகக் கைது செய்து விசாரித்து, விசாரணை தொடரும் என்று வெளியே விட்டது. சாட்சி சொல்லுங்கள் என்று புலம்பெயர்ந்த தமிழரிடம் கேட்டது. அந்த நாட்டில் 2001இல் வந்த சட்டப்படி, போர்க்குற்றம் வேறு நாட்டில் நடந்திருந்தாலும், செய்தவர் அங்கே குடியிருப்பவர் என்றால் விசாரிக்கலாம். இது ஒரு வழி. பெரிய நம்பிக்கை வைக்கவேண்டாம், ஆனால் வழி இருக்கிறது என்பது தெரிந்திருக்கட்டும்.

நிமலராஜனுக்குப் பின்னால் மட்டக்களப்பில் நடேசன் (2004), கொழும்பில் கடத்தப்பட்டு நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில் பிணமாகக் கிடந்த 'தராக்கி' சிவராம் (2005), திருகோணமலையில் சுகிர்தராஜன் (2006). சுகிர்தராஜன் செய்தது என்ன? கடற்கரையில் கொல்லப்பட்ட ஐந்து மாணவர்களின் உடல்களைப் படம் எடுத்தார். கைக்குண்டு வெடித்துச் செத்ததாகப் படையினர் சொன்ன பொய்யை, தலையில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்ததைக் காட்டிய அந்தப் படங்கள் உடைத்தன. மூன்று வாரத்தில் அவரையும் சுட்டார்கள். லசந்தவுக்கு எழுந்த உலகக் குரலில் பாதிகூட இவர்களுக்கு எழவில்லை. இவர்களில் பலர் தமிழில் எழுதியவர்கள். அதற்கும் கீழே ஒரு படி உண்டு. 2006 மே மாதம் யாழ்ப்பாணத்தில் 'உதயன்' அலுவலகத்துக்குள் புகுந்து சுட்டபோது செத்த இரண்டு பேரும் நிருபர்கள் அல்ல, விற்பனையிலும் விநியோகத்திலும் வேலை பார்த்தவர்கள். அதே ஆகஸ்டில் அந்தப் பத்திரிகைக் கட்டு ஏற்றிப்போன டிரைவரைச் சுட்டார்கள். பத்திரிகையாளர் தினத்தில் மாலை போடுகிற படங்களில் டிரைவர் படம் இருக்குமா? எழுதுகிறவன் உயிரும் கட்டுச் சுமக்கிறவன் உயிரும் ஒன்றில்லை என்பதை எங்கே படித்தோம், யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வது நல்லது.

அரசைச் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்லாமல் விட்டால் நம் பேனாவும் பொய் சொல்லும். தனக்குப் பிடிக்காததை எழுதியவர்களை விடுதலைப் புலிகளும் வாழவிடவில்லை. ஈ.பி.டி.பி. சார்புப் பத்திரிகையான 'தினமுரசு'வில் இருந்த பாலநடராஜ ஐயர் 2004 ஆகஸ்டில் வெள்ளவத்தையில் சுடப்பட்டபோது கை நீண்டது அவர்கள் பக்கம்தான். மனித உரிமை மீறலை எந்தத் தரப்பு செய்தாலும் எழுதிய ராஜினி திராணகம 1989இல் யாழ்ப்பாணத்தில் சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது கொல்லப்பட்டார். "இதை இப்ப எதுக்குக் கிளறுதிய, எதிரிக்கு வசதியாப் போயிரும்லா" என்கிற குரல் நமக்குப் பழக்கமானது. தலித் பிரச்சினையைப் பேசினால் தமிழர் ஒற்றுமை குலையும் என்று சொன்ன அதே குரல்தான். அதற்கு அன்றைக்கும் நாம் காது கொடுக்கவில்லை.

இப்போது வழக்கு எங்கே நிற்கிறது? 2015 ஜனவரி 8, லசந்த செத்த அதே தேதியில் நடந்த தேர்தலில் ராஜபக்ச தோற்றார். குற்றப் புலனாய்வுத் துறை கோப்பைத் திறந்தது. மேலே சொன்ன கண்டுபிடிப்புகளில் பலவும் அடுத்த நாலைந்து வருஷத்தில் வந்தவை. லசந்தவின் மகள் அகிம்சா 2019இல் அமெரிக்க நீதிமன்றத்தில் கோத்தபாய மீது வழக்குப் போட்டார். அவர் அரசுப் பதவியில் இருந்து செய்தவற்றுக்கு விலக்கு உண்டு என்று சொல்லி வழக்கைத் தள்ளினார்கள். அந்த ஆண்டு நவம்பரில் கோத்தபாயவே ஜனாதிபதி ஆனார். ஆன ஒரு வாரத்தில் இந்த வழக்கை விசாரித்த அதிகாரி நிசாந்த சில்வா குடும்பத்தோடு சுவிட்சர்லாந்துக்கு ஓடினார். துறைத் தலைவர் ஷானி அபேசேகர இடம் மாற்றப்பட்டு, 2020இல் ஜெயிலிலும் கிடந்தார். விசாரிக்கிற போலீஸ்காரனே உள்ளே போனால் வெளியே இருப்பது யார்? 2022இல் ஜனங்கள் மாளிகைக்குள் புகுந்து கோத்தபாயவை நாட்டைவிட்டு விரட்டியது வேறு கதை, இனிப்பான கதை. அதே ஆண்டு, ஹேக் நகரில் பத்திரிகையாளர் அமைப்புகள் கூட்டிய மக்கள் தீர்ப்பாயம் லசந்த கொலையில் இலங்கை அரசைக் குற்றவாளி என்றது. ஆனால் அந்தத் தீர்ப்பைக் கொண்டு ஒரு கான்ஸ்டபிளைக்கூடக் கைது செய்யமுடியாது.

2024இல் அநுர குமார திசாநாயக்க வந்தார். பழைய கொலைகளை விசாரிப்போம் என்று சொல்லித்தான் வந்தார். 2025 ஜனவரி 27 தேதியிட்ட கடிதத்தில் சட்டமா அதிபர், லசந்த வழக்கில் மூன்று சந்தேக நபர்களை விட்டுவிடலாம் என்று எழுதினார். உடலாகம ஒருவர், குறிப்பேடு விவகாரத்தில் பிடிபட்ட அந்த இரண்டு போலீஸ்காரர்கள் மற்றவர்கள். அகிம்சா எதிர்த்தார், தெருவில் சத்தம் எழுந்தது, இரண்டு வாரத்தில் அந்த முடிவைத் திரும்பப் பெற்றார்கள். சத்தம் போட்டால் நடக்கிறது. சத்தம் போட ஆள் இருக்கவேண்டும். அகிம்சா இருக்கிறார். வவுனியாப் பையன்களுக்கு யார் இருக்கிறார்கள்?

அதனால் நாம் ஒன்று கேட்கலாம் என்று நினைக்கிறோம். லசந்த கொலைக்கு நீதி வேண்டும் என்கிற ஒவ்வொரு தீர்மானத்திலும், ஜேசுதாசன் எப்படி இறந்தார், அவர் அட்டையை எடுத்தவர்மீது என்ன நடவடிக்கை, அவர் பெயரிலிருந்த பழி எந்தக் காகிதத்தில் துடைக்கப்பட்டது என்ற மூன்று கேள்விகளையும் சேர்க்கவேண்டும். நவம்பர் 2, பத்திரிகையாளருக்கு எதிரான குற்றங்கள் தண்டனையில்லாமல் போவதை எதிர்த்து ஐக்கிய நாடுகள் சபை வைத்திருக்கிற நாள். கல்லூரிகளில் கூட்டம் போடுகிற தோழர்கள் அன்றைக்கு லசந்த, நிமலராஜன் படங்களோடு ஒரு காலிச் சட்டத்தையும் வையுங்கள். ஜேசுதாசன் படம் கிடைக்காவிட்டால் பெயரை எழுதுங்கள், போதும்.

நம் குழுக்களுக்கும் ஒரு வேலை. இனி எந்த ஊருக்கு உண்மை அறியப் போனாலும், செத்தவரைப் பற்றி மட்டும் எழுதிக்கொண்டு வராதீர்கள். முதலில் யாரைப் பிடித்தார்கள், அவரைப் பிடிப்பதற்கு என்ன காகிதம் காட்டினார்கள், அந்தக் காகிதம் யார் கையிலிருந்து எடுக்கப்பட்டது, முதல் வாரத்தில் எந்தப் பொருள் காணாமல் போனது என்று தேதியோடு எழுதுங்கள். காவலில் ஒருவர் செத்தால் நீதித்துறை மாஜிஸ்திரேட் விசாரிக்கவேண்டும் என்று 2005 திருத்தத்திலிருந்தே சட்டம் இருக்கிறது. பேர் மாறிய புதிய சட்டத்திலும் இருக்கிறது. ஆர்.டி.ஓ. வந்தார், போனார் என்றால் விடாதீர்கள். வன்கொடுமை வழக்கு என்றால் விசாரிப்பவர் டி.எஸ்.பி.க்குக் குறைந்த அதிகாரியாக இருக்கக்கூடாது. இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டிருந்தால் அதையே முதல் கேள்வியாக்குங்கள். கொடியன்குளத்தில் 1995இல் போலீஸ் புகுந்து வீடுகளை நொறுக்கிய பிறகு கமிஷன் வந்து என்ன எழுதியது என்பது நினைவிருக்கும். கமிஷன் எழுதுவதற்கு முன்னால் நாம் எழுதியிருக்க வேண்டும், சாட்சிகளின் ஞாபகம் ஈரமாக இருக்கும்போதே.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த மாவட்டத்திலும் பக்கத்து மாவட்டங்களிலும் தாயகம் திரும்பியவர்களின் குடும்பங்கள் இருக்கின்றன. நுவரெலியா, ஹட்டன், பதுளைப் பக்கம் இன்னும் சொந்தபந்தம் உள்ளவர்கள் இருப்பீர்கள். சோதனைச் சாவடியில் அட்டையைப் பறிகொடுத்தது, அட்டை இல்லாமல் ராத்திரி முழுக்க நிலையத்தில் உட்காரவைக்கப்பட்டது, பட்டாளத்துக்காரன் வாங்கிக்கொண்டு போய்த் திருப்பித் தராதது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்னதை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். எழுதத் தெரியாதவர்கள் சொன்னால் நாங்கள் வந்து எழுதிக்கொள்கிறோம். பெயர் போடவேண்டாம் என்றால் போடமாட்டோம்.

— ஆசிரியர் குழு, உடன்குடி